உபகாரச் சம்பளம் தேடித் தரும் தரகருக்குக் கூலி கொடுக்கலாமா?

(கியா பார்மில், சுற்று வட்டாரத் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தீபகற்பத்திலேயே மிக உயரத்தில் இருக்கும் ஊர் என்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடித்துப் போகும் இடத்தில் இன்று கூடியிருக்கிறோம். அவர்கள் ஸ்ட்ராபெரிப் பழமும் சோளமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நம் பிள்ளைகள் இறங்குவது படிப்பைத் தேடி. இறங்குகிற நேரத்தில் ஒரு கேள்வி ஆபீஸ் சன்னலுக்கு வந்து நிற்கிறது. எஸ்.பி.எம். முடிவு வந்த நாளிலிருந்து இதே கேள்விதான். “கிராணி ஐயா, ஈப்போவில் ஒருத்தர் இருக்காராம். ஐந்நூறு வெள்ளி கட்டினால் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் வாங்கிக் கொடுத்திடுவாராம். கட்டலாங்களா?”

ஐந்நூறு வெள்ளி என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு அறுபத்தைந்து வெள்ளி சொச்சம். ஆக ஐந்நூறு வெள்ளி என்பது ஏறத்தாழ எட்டு நாள் உழைப்பு. எட்டு நாள் சரிவில் நின்று கொழுந்து வெட்டின காசு. சமவெளித் தோழர்களுக்கு, எட்டு நாள் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டின காசு. இந்தக் காசைக் கொடுத்து நாம் வாங்குகிற சரக்கு என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கடைக்காரன் ஒரு கிலோ வெங்காயத்தில் நூறு கிராம் குறைத்தால் விடுவோமா?

அந்தச் சரக்கு என்னவென்று சொல்கிறோம். தரகர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அது இரகசியப் பட்டியல் என்று அவர் சொல்வார். அதில் இருக்கும் பெயர்களை நாம் இங்கே பகிரங்கமாகவே சொல்லிவிடலாம். பொதுச் சேவை இலாகாவின் உபகாரச் சம்பளங்கள். பி.டி.பி.டி.என். என்று நாம் எல்லோரும் சொல்லும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன். இது 1997-ம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. பகாங் மாநிலப் பிள்ளைகளுக்கு யாயாசான் பகாங். 1984-ல் தொடங்கப்பட்டு, பின்பு கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக் கழகத்தையும் நிறுவிய எம்.ஐ.ஈ.டி.யின் கல்விக் கடன். 2018-ல் மித்ரா என்று பெயர் பெற்ற அரசாங்கப் பிரிவு, குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களின் மாணவர்களுக்கு அவ்வப்போது அறிவிக்கும் உதவிகள். அப்புறம் நம்முடைய சொந்த வீட்டுச் சொத்தான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்.

இந்தக் கடைசிப் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டு போட்ட காலத்தில், 1960-ல், துன் சம்பந்தன் அவர்கள் தோட்டந் தோட்டமாக நடந்து, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து எழுப்பிய சங்கம் அது. நம் தாத்தாவும் பாட்டியும் பால் வாளியோடு நின்று கட்டிய பணம். அச்சங்கம் தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கி வந்திருக்கிறது. தாத்தாவின் பங்குப் பத்திரம் தகரப் பெட்டிக்கு அடியில் இன்னும் கிடக்கிறதா, பெயர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்? ஈப்போத் தரகர் நம் பெட்டியைத் திறந்து பார்க்கமாட்டார். அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன பெயர்கள் எல்லாம் அவரவர் இணையத்தளத்திலேயே அறிவிக்கப்படுகின்றன. யார் விண்ணப்பிக்கலாம், என்ன மதிப்பெண், எவ்வளவு வருமானம், கடைசி நாள் எது என்பதெல்லாம் எழுதியே போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மலாய் மொழியில் இருக்கும். ஆனால் நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். பரீட்சையை அந்த மொழியில் எழுதித்தானே வந்திருக்கிறார்கள்? அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வீட்டுக்கே படிக்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இனி அந்த ஐந்நூறு வெள்ளிக்கு அவர் கொடுக்கும் வாக்குறுதி. “கட்டாயம் கிடைக்கும்” என்கிறார். எப்படிக் கிடைக்கும்? பொதுச் சேவை இலாகாவில் அவர் உட்கார்ந்திருக்கிறாரா? மெட்ரிகுலேசனை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் உண்டு என்று 2024-ல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இடம் வாங்கித் தந்தது பிள்ளையின் முடிவுத்தாள். தரகருக்கு அதில் வேலையே இல்லை. அந்த அளவுக்கு வராத பிள்ளைக்கு, கணினி வரிசைப்படுத்துகிற இடத்தில், தரகரின் கை எட்டாது. கிடைத்தால் தன்னால் கிடைத்தது என்பார். கிடைக்காவிட்டால் பிள்ளையின் மதிப்பெண் போதவில்லை என்பார். மழை பெய்தால் என் மந்திரம், பெய்யாவிட்டால் உன் பாவம் என்கிற பூசாரியின் கணக்குத்தான் இது.

பி.டி.பி.டி.என். விஷயத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. அதை உபகாரச் சம்பளம் என்று பெயர் மாற்றிச் சொல்லி விற்கிறார்கள். தோழர்களே, அது கடன். 2008 முதல் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்ற சலுகை உண்டு என்பது நல்ல செய்தி. அதைப் பிள்ளைகள் காதில் போட்டு வைக்க வேண்டும். ஆனால் கடன் கடனே. உபகாரச் சம்பளம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, படிப்பு முடிந்து கடிதம் வந்த பிறகு திகைத்து நிற்கும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கடனுக்கு விண்ணப்பிக்க என்ன செலவு? முதலில் பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். தொடங்கக் குறைந்தது இருபது வெள்ளி. அந்த இருபது வெள்ளியும் செலவு அல்ல, பிள்ளையின் கணக்கிலேயே கிடக்கும் பணம். எஸ்.டி.ஆர். உதவிப் பணம் பெறும் குடும்பமானால் கடன் தொகையில் முழு அளவுக்குத் தகுதி உண்டு. வருமானம் கூடக் கூட முக்கால் பங்கு, பாதி என்று குறையும். அரசாங்கப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்த குறைந்த வருமானப் பிள்ளைக்கு, பதிவு நாளுக்கு முன்னதாகவே கடனில் ஒரு பகுதியாக 1,500 வெள்ளி முன்பணம் கேட்கவும் வழி இருக்கிறது. இந்த முன்பணம் இருப்பது தெரியாமல் சங்கிலியை அடகு வைத்துப் பெட்டியும் போர்வையும் வாங்கிய தாய்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஐந்நூறு வெள்ளி வாங்கிய தரகர் அதைச் சொன்னாரா? சொல்லவில்லை.

நம் வட்டாரத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். தரகரிடம் நானூறு வெள்ளி கட்டினார்கள். அவர் விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்தார், அதில் பொய்யில்லை. ஆனால் பிள்ளையின் கைப்பேசி எண் எழுத வேண்டிய இடத்தில் தன் எண்ணை எழுதிக்கொண்டார். மின்னஞ்சலும் அவருடையது. கடவுச்சொல்லும் அவர் வைத்ததே. தகவல் எல்லாம் அவர் கைப்பேசிக்கே வந்தது. பத்திரத்தில் ஒரு குறை, திருத்தி அனுப்புங்கள் என்ற செய்தியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பிள்ளை கணக்கைத் திறந்து பார்க்க முடியவில்லை. கேட்டபோது, “தொடர் வேலைக்கு இன்னும் இருநூறு” என்றார். பிள்ளை கல்லூரி விடுதியில் முதல் பருவம் முழுவதும் சக மாணவர்களிடம் கைமாற்று வாங்கிச் சாப்பிட்டது. சாவியைப் பூட்டுக்காரனிடமே விட்டுவிட்டு வந்தால் வீடு யாருடையது?

ஆகவே ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். யார் பாரம் எழுதினாலும், கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை யாரிடமும் வாசித்துக் காட்டக் கூடாது. அடையாளக் கார்டின் நகலைக் கொடுக்க நேர்ந்தால், எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தோம் என்று நகலின் குறுக்கே எழுதிக் கோடு போட்டுக் கொடுங்கள்.

இதைவிட ஆபத்தானவர் ஒருவர் இருக்கிறார். அவர் நம்மிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. அதனாலேயே அவரைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை. நன்றாக உடுத்தியிருப்பார். தமிழில் இனிக்கப் பேசுவார். லயத்து வாசலுக்கே வருவார். “எல்லாம் இலவசம் அம்மா. கல்லூரியில் இடம், கடன், விடுதி, எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்” என்பார். அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? தனியார் கல்லூரி, சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவருக்குத் தரகு கொடுக்கிறது. தரகு கொடுப்பது சட்ட விரோதம் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாக வழி காட்டும் முகவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தரகு எந்தக் கல்லூரியில் அதிகமோ அந்தக் கல்லூரியே பிள்ளைக்குப் பொருத்தம் என்று அவர் கண்ணுக்குத் தெரிவது மனித இயற்கை. ஆறாம் படிவம் படிக்கலாம், போலிடெக்னிக் இருக்கிறது, மெட்ரிகுலேசனுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அவர் ஏன் சொல்லப்போகிறார்? அதில் அவருக்குத் தரகு இல்லையே. எஸ்.டி.பி.எம். படிப்பதற்கு நமக்கு ஆகும் செலவு மிகக் கொஞ்சம். அதை “பழைய காலத்துப் படிப்பு” என்று சொல்லி, பல்லாயிரம் வெள்ளி டிப்ளோமாவுக்குப் பிள்ளையைத் திருப்பிவிட்ட கதைகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கின்றன. ஐந்நூறு வெள்ளித் தரகரிடம் போவது எட்டு நாள் கூலி. இலவசத் தரகரிடம் போனால் பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டுகளே போய்விடுகின்றன. எங்களுக்கு இவர்மேல்தான் கோபம் அதிகம்.

இவரைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2007-ல் அமைந்த அந்நிறுவனத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை சேரப்போகும் அதே படிப்பின் பெயர் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடையாது. முகவர் “அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது” என்றால், வந்த பிறகு வருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இப்படி ஏமாறுவது படிப்பு வாசனை குறைந்த தோட்டத்துச் சனங்கள் மட்டுமே என்று யாரும் தலை குனிய வேண்டாம். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரி உதவி கேட்பதற்கு அரசாங்கப் பாரம் ஒன்று உண்டு. அதன் பெயரின் முதற்சொல்லே ‘இலவச’ என்பது. இலவச விண்ணப்பம் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும் அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுப்பதற்கு ஒரு கம்பெனி பணம் வாங்கிக்கொண்டு பல ஆண்டு வியாபாரம் செய்தது. அந்தப் பாரத்தின் பெயரையே தன் இணையத்தள முகவரியாகவும் வைத்திருந்தது. ஒரு முறை பணம் கட்டியவர்களின் கணக்கிலிருந்து அவர்களுக்குத் தெரியாமல் ஆண்டுதோறும் பணத்தை எடுத்தது என்று 2015-ல் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 52 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு வெகு முன்பே, 1996-ல், அந்நாட்டு வர்த்தக ஆணையம் உபகாரச் சம்பள மோசடிகளுக்கு எதிராக ஓர் இயக்கமே நடத்தியது. 2000-ல் இதற்கென்றே தனிச் சட்டமும் போட்டார்கள். அந்த ஆணையம் மக்களுக்குச் சொன்ன எச்சரிக்கைகளைக் கேட்டால், ஏதோ நம் லயத்து வாசலில் நின்று எழுதியது போலவே இருக்கும். கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்பான், நம்பாதே. நீ கேட்காமலே உன் பெயர் தேர்வாகிவிட்டது என்பான், நம்பாதே. வங்கிக் கணக்கு எண்ணைக் கொடு, இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்பான், கொடாதே. எல்லா வேலையையும் நானே செய்கிறேன் என்பான், விடாதே. அத்தனை படித்த நாட்டிலேயே இந்த நிலை.

இவ்வளவும் சொன்னதால், காசு வாங்கும் எல்லாரும் கள்ளர் என்று சொல்லிவிட்டதாக எண்ணக் கூடாது. நியாயத்தையும் சொல்ல வேண்டும். தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ கணினி வைத்திருப்பவர், பத்திரங்களை ஸ்கேன் செய்து, பாரத்தைத் தட்டச்சு செய்து, பிள்ளையின் கண்ணெதிரே அனுப்பி, அச்சடித்தும் கொடுத்துப் பத்து இருபது வெள்ளி கேட்டால், அது உழைப்புக்குக் கூலி. கொடுப்பதில் தவறில்லை. இன்னும் சொன்னால், அலுவல் தெரியாமல் ஈப்போவுக்கும் குவாந்தானுக்கும் இரண்டு நாள் அலைந்தால் இரண்டு நாள் சம்பளம் நூற்று முப்பது வெள்ளி போகும், பஸ் கூலி வேறு. அதற்கு இருபது வெள்ளி மலிவே. மழைக்காலத்தில் இங்கே இணைய இணைப்பு படுத்துவிடும் இலட்சணமும் நமக்குத் தெரியும்.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். இவர் செய்த வேலைக்குக் கூலி கேட்கிறார். மற்றவர் நடக்குமா நடக்காதா என்று தெரியாத காரியத்துக்கு முன்பணம் கேட்கிறார். செய்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம். கிலோ கணக்கில் கொழுந்து நிறுத்துச் சம்பளம் வாங்கியே பழகிய நமக்கு இந்த வித்தியாசத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கடன் தொகையில் இத்தனை விழுக்காடு தனக்கு வேண்டும் என்று கேட்பவரை வாசற்படி ஏறவே விடாதீர்கள். அந்தக் கடனைக் கடைசி வெள்ளி வரை திருப்பிக் கட்டப்போவது பிள்ளை.

இப்போது நம் பக்கத்து வேலை. விண்ணப்பங்கள் தள்ளப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் இருப்பதில்லை. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் அடையாளக் கார்டில் வேறு விதமாகவும் இருக்கும். சம்பளச் சீட்டு இருக்காது. அம்மா வேலையை விட்டு இரண்டு ஆண்டாகியும் வேலை செய்வதாகவே எழுதியிருக்கும். கொழுந்து நிறைந்த மாதத்தின் சம்பளச் சீட்டை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வருமானம் அதிகம் என்று தள்ளிவிட்டார்களே என்று வருந்துவோம். கேட்கிற மாதங்களின் சீட்டுகளைக் கேட்கிறபடியே கொடுக்க வேண்டும். கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் தரகரும் உண்டு. மாட்டிக்கொண்டால் பாரத்தில் இருப்பது பிள்ளையின் கையெழுத்து, அவருடையது அல்ல.

இந்தப் பத்திரங்களில் பாதி எங்கே இருக்கிறது? தோட்டத்து ஆபீசில். சம்பளச் சீட்டும் வேலை உறுதிக் கடிதமும் வருமானக் கடிதமும் எழுதித் தருவது கிராணிமார் வேலை. அதற்குக் காசு கிடையாது. சன்னலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் இதைப் படிக்கும் கிராணித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: முடிவு வெளியாகும் வாரத்தில் ஒரு மாலை ஆபீசைத் திறந்து வைத்து, ஒரு கணினியை ஒதுக்கிக் கொடுத்தால், அந்தத் தோட்டத்தில் தரகருக்கு வேலையே இராது. சென்ற ஆண்டு பல்கலைக் கழகம் போன பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். அந்தப் பாரத்தை ஒரு முறை நிரப்பிப் பார்த்த பிள்ளைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

சற்று முன் ஓர் அம்மா எழுந்து, “ஐயா, நாங்கள் ஏற்கனவே இருநூறு கட்டிவிட்டோம், என்ன செய்வது?” என்று கேட்டார்கள். அம்மா, முதலில் இரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இரசீது இல்லாவிட்டாலும், பணம் அனுப்பிய வங்கித் தாள், கைப்பேசியில் அவர் எழுதிய செய்திகள், எதையும் அழிக்க வேண்டாம். இன்றிரவே பிள்ளையை விட்டுக் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க முடியாவிட்டால் அந்த அலுவலகத்துக்கே நேராகப் போன் செய்து, எண்ணையும் மின்னஞ்சலையும் பிள்ளையின் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். அடையாளக் கார்டு எண்ணைச் சொன்னால் அவர்கள் வழி சொல்வார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் நுகர்வோர் நீதிமன்றத்தில் கோரிக்கை போடலாம். அங்கே வக்கீல் வேண்டியதில்லை. பதிவுக் கட்டணமும் சொற்பம். கடுதாசி எழுத நாம் கூட வருகிறோம். ஆனால் பணத்தின் பின்னால் ஓடி, விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவற விடாதீர்கள். முதலில் பிள்ளையின் விண்ணப்பம், அப்புறம் இருநூறு வெள்ளி.

கூட்டம் முடிந்ததும், ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகள் பெற்றோருடன் இந்த மேசைக்கு வரலாம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், முடிவுத்தாள், அப்பா அம்மாவின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எஸ்.டி.ஆர். வாங்குபவராக இருந்தால் அதன் விவரம், தந்தை இல்லாத பிள்ளையானால் மரணப் பத்திரம். இன்று கொண்டுவராதவர்கள் நாளை மாலை வேலை முடிந்து ஆபீசுக்கு எடுத்து வாருங்கள். ஆறு மணியிலிருந்து விளக்கு எரியும்.